ஸ்டீயரிங் பிள்ளை கையில்... பாலிசி யார் பக்கம்?

18 வயது நிறைந்த மகனோ மகளோ வீட்டுக் காரை எடுக்கத் தொடங்குகிறார்கள். டிராயரில் இருக்கும் இன்ஷூரன்ஸ் அவர்களைக் காப்பாற்றுமா? பெற்றோர் படிக்காமல் விடும் வரிகளும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகளும்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு டிரைவிங் ஸ்கூல்களில் கூட்டம் கூடிவிடும். காலேஜ் திறப்பதற்குள் லைசென்ஸ் கைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரம் பிள்ளைகளுக்கு. ஃபீஸ் எவ்வளவு, எத்தனை நாள் கிளாஸ், டெஸ்ட் எப்போது என்ற விசாரணை பெற்றோருக்கு. இவ்வளவு விசாரிக்கும் வீடுகளிலும் ஒரு கேள்வி மட்டும் எழுவதில்லை. நம் காருக்கு எடுத்து வைத்திருக்கும் பாலிசி, நாளை அதை ஓட்டப்போகும் இந்தப் பிள்ளைக்கு எந்த அளவுக்குத் துணை நிற்கும்?

கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022இல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. ஒரே ஆண்டில் 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். நாடு முழுவதும் அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள். லைசென்ஸ் வாங்கும் பிள்ளை அந்த வயது வரிசையின் முதல் படியில் நிற்கிறது.

வண்டியைப் பார்க்கும், ஓட்டுபவரைப் பார்க்காது

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் வீட்டுக் கார் பாலிசியில் பதின்வயதுப் பிள்ளையின் பெயரைச் சேர்த்தால் பிரீமியம் சட்டென்று ஏறும். அங்கே ஓட்டுபவரின் வயதும் அனுபவமும்தான் விலையைத் தீர்மானிக்கும் முக்கியக் காரணிகள். அந்த ஏற்றமே பெற்றோரை உட்கார்ந்து யோசிக்க வைத்துவிடும்.

இந்தியாவில் கணக்கு வேறு. கார் எத்தனை சி.சி., எத்தனை வருடப் பழசு, எந்த ஊரில் பதிவானது, இன்றைய மதிப்பு (ஐ.டி.வி.) என்ன என்பவையே பிரீமியத்தின் அடிப்படை. தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1,000 சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். முப்பது வருட அனுபவமுள்ள அப்பா ஓட்டினாலும், போன மாதம் லைசென்ஸ் வாங்கிய மகள் ஓட்டினாலும் இந்தத் தொகை மாறாது.

இது குடும்பங்களுக்குச் சாதகம்தான். ஆனால், விலை மாறாததால் கவனமும் மாறுவதில்லை. “யார் ஓட்டப்போகிறார்கள்?” என்று கம்பெனியும் கேட்பதில்லை, ஏஜென்டும் கேட்பதில்லை. வழக்கம்போல் ரினியூவல் செய்துவிட்டு, பிள்ளைக்கும் சேர்த்துத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

17 வயதும் 10 மாதமும்

பிளஸ் டூ முடிக்கும்போது பலருக்கு 18 நிறைந்திருக்காது. “இன்னும் ரெண்டு மாசம்தானே, தெருவுக்குள்ளதானே” என்று சாவியைக் கொடுக்கும் வீடுகள் உண்டு. சட்டம் அந்த இரண்டு மாதத்தை மன்னிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி கார் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 16 வயதில் கிடைக்கும் லைசென்ஸ், 50 சி.சி.க்கு மிகாத இருசக்கர வண்டிக்கு மட்டும்தான்.

2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. “எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்” என்று சொன்னால் போதாது. அதை நிரூபிக்கும் பொறுப்பும் பெற்றோருடையதே.

இன்ஷூரன்ஸ் பக்கத்தில் நிலைமை இன்னும் கடுமை. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியதால் சொந்தக் காரின் சேதத்துக்கு கிளெய்ம் கிடைக்காது. அடிபட்டவருக்கான நஷ்டஈட்டை, முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. கம்பெனிக்குப் பொறுப்பே இல்லை என்று முடிந்த வழக்குகளும் உண்டு. 18 நிறையாத பிள்ளைகள் ஓட்டிய வழக்குகளில் 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டு விதமாகவும் தீர்ப்பளித்திருக்கிறது. எந்த வழியில் போனாலும் சுமை கடைசியில் வந்து இறங்குவது குடும்பத்தின் தலையில்.

அந்தச் சுமை எவ்வளவு? மாதம் 25,000 ரூபாய் சம்பாதிக்கும் 30 வயதுக் கடைக்காரர் ஒருவர் விபத்தில் இறந்துபோகிறார், மனைவி, குழந்தை, தாய் என மூவர் அவரை நம்பி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2009, 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வகுத்த முறைப்படி, அவருடைய ஆண்டு வருமானம் 3 லட்சம். எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவிகிதம் சேர்த்தால் 4.2 லட்சம். அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 2.8 லட்சம். அந்த வயதுக்கான பெருக்கு எண் 17. மொத்தம் 47.6 லட்சம் ரூபாய். வட்டியும் பிற இனங்களும் இதற்கு மேல். இரண்டு மாதம் பொறுக்காததற்கு ஒரு குடும்பம் வீட்டை விற்று ஈடுகட்ட வேண்டிய தொகை இது. அந்தக் கடைக்காரரின் குடும்பம் இழந்ததை எந்தத் தொகையும் ஈடுகட்டாது.

2024 மே மாதம் புனேவில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். குடும்பத்தின் டிரைவர் மீது பழியைப் போட முயன்றார்கள் என்ற குற்றச்சாட்டும் அந்த வழக்கில் எழுந்தது. “ஓட்டினது அப்பானு சொல்லிடலாம்” என்ற யோசனை சின்ன விபத்துகளிலும் பல வீடுகளில் வருகிறது. தெருவுக்குத் தெரு கேமரா இருக்கும் காலம் இது. பொய் வெளிப்பட்டால் கிளெய்ம் போகும். கிரிமினல் வழக்கும் வரும். பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுக்கும் முதல் சாலைப் பாடம் பொய்யாக இருந்துவிடக் கூடாது.

எல்.எல்.ஆர். காலத்தில் கவர் உண்டா?

உண்டு, நிபந்தனையோடு. நம் பாலிசிகளில் ‘டிரைவர் கிளாஸ்’ என்றொரு பகுதி இருக்கும். செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் எவரும் உரிமையாளரின் அனுமதியோடு ஓட்டலாம், எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வைத்திருப்பவர் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3ஆம் விதியைப் பின்பற்றினால் ஓட்டலாம் என்று அது சொல்கிறது. அந்த விதி கேட்பவை இரண்டு. ஒன்று, லைசென்ஸ் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியைக் கட்டுப்படுத்தி நிறுத்தக்கூடிய இடத்தில் அருகே உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு, வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ போர்டு முன்னும் பின்னும் இருக்க வேண்டும்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் கழித்துத்தான் நிரந்தர லைசென்ஸுக்கு டெஸ்ட் கொடுக்க முடியும். அந்த இடைவெளியில் ஞாயிற்றுக்கிழமை காலை காலியாக இருக்கும் சாலையில் பிள்ளை தனியாக எடுத்து இடித்தால், வயது 18 நிறைந்திருந்தாலும் கிளெய்ம் சிக்கலில் மாட்டும். லைசென்ஸின் வகையையும் பாருங்கள். இருசக்கர வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர் காரை எடுத்தால், இன்ஷூரன்ஸ் கண்ணில் அவர் லைசென்ஸ் இல்லாதவரே.

காரில் இருப்பவர்களில் யாருக்கு என்ன?

எல்லாப் பெற்றோரும் படிக்க வேண்டிய பகுதி இதுதான். 19 வயது மகன், முறையான லைசென்ஸோடு, அப்பாவின் காரில் மூன்று நண்பர்களை ஏற்றிக்கொண்டு மகாபலிபுரம் போகிறான். அவன் தவறால் விபத்து. யாருக்கு என்ன கிடைக்கும்?

சாலையில் அடிபட்டவர்: தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் முழுப் பொறுப்பு ஏற்கும். காயத்துக்கும் மரணத்துக்கும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கொடுக்கும். பிறர் சொத்துச் சேதத்துக்கு மட்டும் சொந்தக் கார் பாலிசியில் 7.5 லட்சம் ரூபாய் உச்சவரம்பு. விலையுயர்ந்த காரில் மோதி அதற்கு மேல் செலவு வந்தால் மிச்சம் குடும்பத்தின் பொறுப்பு. இந்த வரம்பை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டு பிரீமியத்தில் சிறு தள்ளுபடி பெறும் வசதியும் உண்டு. இளம் ஓட்டுநர் இருக்கும் வீட்டில் அதன் பக்கமே போகக் கூடாது.

காருக்குள் இருந்த நண்பர்கள்: இது பாலிசியின் வகையைப் பொறுத்தது. சட்டத்துக்காக எடுக்கும் தேர்ட் பார்ட்டி பாலிசி, கட்டணமின்றி ஏற்றிச் செல்லப்படும் பயணிகளுக்குப் பொறுப்பேற்காது என்பதே, ஸ்கூட்டரின் பின் இருக்கையில் சென்றவர் தொடர்பான வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. ஃபுல் இன்ஷூரன்ஸ் என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசி காருக்குள் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளும். 2009இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் சுற்றறிக்கையும், 2012இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதை உறுதிசெய்தன. பழைய கார்தானே என்று வெறும் தேர்ட் பார்ட்டியோடு நிறுத்திக்கொண்டால், நம் பிள்ளையை நம்பி ஏறிய ஊரார் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லாமல் போகும்.

ஓட்டிய மகன்: பெற்றோரைத் திடுக்கிட வைக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. இந்தப் பாலிசியில் அவனுக்கு அநேகமாக எதுவும் இல்லை. தன் தவறால் அடிபட்டவர் அதே காரின் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸில் நஷ்டஈடு கேட்க முடியாது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலிசியோடு வரும் கட்டாய தனிநபர் விபத்து காப்பீட்டில் 15 லட்சம் ரூபாய் இருக்கிறதே என்று கேட்கலாம். அது உரிமையாளரே ஓட்டுநராகவும் இருப்பவருக்கானது. ஆர்.சி. புக்கிலும் பாலிசியிலும் அப்பா பெயர் இருந்தால், அந்த 15 லட்சம் அப்பாவுக்கு மட்டும். காரை அம்மா பெயரில் வாங்கி, அம்மாவுக்கு லைசென்ஸும் இல்லாத வீடுகளில் அந்தக் கவர் யாருக்குமே உதவாது.

சாலையில் போகிறவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது, வண்டிக்கு இருக்கிறது, உரிமையாளருக்கு இருக்கிறது. அனுபவமில்லாமல் ஸ்டீயரிங் பிடித்திருக்கும் பிள்ளைதான் பாலிசியின் ஓரத்தில் விடப்பட்டிருக்கிறது.

பிள்ளையிலிருந்து தொடங்குங்கள்

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். வழக்கமாக நாம் வண்டிக்கு முதலில் பார்ப்போம். வீட்டில் புதிதாக ஒருவர் ஓட்டத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது அவருக்கான தனி விபத்து பாலிசி. ‘சரல் சுரக்ஷா பீமா’ என்ற ஒரே மாதிரியான பாலிசியை 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஆரோக்கியக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. 18 வயதிலிருந்து சேரலாம். 2.5 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை எடுக்கலாம். மரணம், நிரந்தர முழு ஊனம், நிரந்தரப் பகுதி ஊனம் ஆகியவற்றுக்குப் பணம் கிடைக்கும். அப்பாவின் கார், நண்பனின் பைக், பஸ் பயணம் என எதில் விபத்து நடந்தாலும் பிள்ளையோடு கூடவே போகும் கவர் இது.

அடுத்தது மருத்துவச் செலவு. குடும்ப ஹெல்த் பாலிசியில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா, எத்தனை வயது வரை இருக்கும் என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் ஏழு நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு. உயிர் காக்கும் முதல் மணி நேரங்களுக்கு இவை பெரும் துணை. எலும்பு முறிவுக்கும் தலைக்காயத்துக்கும் தொடரும் மாதக்கணக்கான சிகிச்சைக்கு ஹெல்த் பாலிசியே கைகொடுக்கும்.

பம்பரா, போனஸா?

மூன்றாவதாக வண்டி. புதிதாக ஓட்டுபவர்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடிப்பார்கள், கேட்டில் உரசுவார்கள். சாதாரண ஃபுல் இன்ஷூரன்ஸில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி மதிப்பைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பம்பர் 12,000 ரூபாய் என்றால் 6,000 தேய்மானமாகக் கழியும். 1,500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய் போக, கைக்கு வருவது 5,000.

அந்த 5,000 ரூபாய்க்காக கிளெய்ம் போட்டால் இழப்பது என்ன? ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டி 50 சதவிகித என்.சி.பி. (நோ கிளெய்ம் போனஸ்) சேர்த்திருந்தால், அடுத்த ரினியூவலில் அது பூஜ்யமாகும். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் பழைய இடத்துக்கு வர வேண்டும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 12,000 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டால், இந்த ஐந்து வருடத்தில் கூடுதலாகக் கட்டுவது 6,000, 3,600, 3,000, 1,800, 600. மொத்தம் 15,000. வண்டிக்கு வயதாக ஆக பிரீமியம் குறையும் என்பதால் உண்மைத் தொகை சற்றுக் குறையலாம். அப்படியும் 5,000 வாங்க அதைவிட அதிகம் இழக்கிறோம். சின்ன டிங்கரிங், பெயின்டிங் வேலைகளைக் கைக்காசில் முடித்துவிட்டு, பாலிசியைப் பெரிய சேதத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

பெரிய சேதத்துக்கு ‘பம்பர் டு பம்பர்’ என்று பேசப்படும் ஜீரோ டெப்ரிசியேஷன் கவர் மிகவும் பயன்படும். பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தருவார்கள். ஆண்டுக்கு எத்தனை கிளெய்முக்கு அது செல்லும், எத்தனை வயது வரையுள்ள காருக்குத் தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். என்.சி.பி.யைக் காக்கும் தனிக் கவரும் இருக்கிறது. சென்னை போல வெள்ளம் தேங்கும் ஊர்களில் எஞ்சின் கவரும் அவசியம். நீரில் நின்றுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லியும் வையுங்கள். பிரீமியத்தைக் குறைக்க, “முதல் 15,000 ரூபாயை நானே ஏற்கிறேன்” என்று விருப்பப் பிடித்தம் வைப்பது அனுபவசாலிகளுக்குச் சரி. இளம் ஓட்டுநர் உள்ள வீட்டுக்கு அது பொருந்தாது.

புதுக் கார் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி கட்டாயம். பெரும்பாலும் அதோடு சொந்தச் சேதக் கவர் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். “மூணு வருஷ இன்ஷூரன்ஸ் இருக்கே” என்று இரண்டாம் வருடம் ரினியூவலை விட்டுவிட்டால், அந்த வருடம் காரின் சேதத்துக்கு ஒரு பைசா வராது. 90 நாட்களுக்கு மேல் விட்டுவிட்டால் என்.சி.பி.யும் போய்விடும்.

பழைய காரைப் பிள்ளை பெயருக்கு மாற்றலாமா?

மாற்றினால் 15 லட்சம் ரூபாய் விபத்துக் கவர் பிள்ளைக்கே வரும் என்பது நன்மை. அதே சமயம் நஷ்டஈட்டுப் பொறுப்பும் ஆர்.சி.யில் பெயருள்ள பிள்ளை மேல் வரும். அப்பாவின் என்.சி.பி. அப்பாவோடு நின்றுவிடும், உயிரோடிருக்கும் தந்தையின் போனஸ் பிள்ளைக்கு மாறாது. மாற்றுவதென்றால் ஆர்.சி.யையும் பாலிசியையும் சேர்த்தே மாற்றுங்கள். உரிமை மாறிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒன்று மாறி மற்றொன்று மாறாமல் நிற்கும் காருக்குச் சொந்தச் சேத கிளெய்ம் கிடைப்பது கடினம்.

விபத்து நடந்த நிமிடத்தில்

பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். ஓடக் கூடாது. அடிபட்டவருக்கு 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு அனுப்புவது ஓட்டுநரின் சட்டக் கடமை. 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொல்ல வேண்டும்; இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைப் பிரித்து வேலை தொடங்கக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டினாலும், வாடகைக்கு ஓட்டினாலும், ரேஸ் விட்டாலும் கிளெய்ம் நிராகரிக்கப்படும்.

நியாயமான கிளெய்மைக் கம்பெனி மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னை தேனாம்பேட்டையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

ஒரு கோரிக்கை

பெற்றோர் செய்யக்கூடியவை இவை. அரசும் ஒழுங்குமுறை ஆணையமும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தியக் குடும்பத்தில் கார் ஒருவர் பெயரில் இருக்கும், மூன்று பேர் ஓட்டுவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. கட்டாய விபத்துக் காப்பீடு மட்டும் ஆர்.சி.யில் பெயருள்ள ஒருவரோடு நின்றுவிடுகிறது. அனுமதியோடும் முறையான லைசென்ஸோடும் ஓட்டும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் அந்தக் கவர் போய்ச் சேரும்படி விதியை மாற்ற வேண்டும். அதற்காகக் கூடுதல் பிரீமியம் கேட்டால் பெற்றோர் மனமுவந்து கட்டுவார்கள். குறைந்தபட்சம், “இந்தக் காரை வேறு யார் ஓட்டுவார்கள், அவர்களுக்கு விபத்துக் கவர் வேண்டுமா?” என்ற ஒரு கேள்வியாவது ஒவ்வொரு ரினியூவல் படிவத்திலும் இடம்பெற வேண்டும்.

அந்த மாற்றம் வரும்வரை அந்தக் கேள்வியை நாமே கேட்டுக்கொள்வோம். பிள்ளை லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போகும் வாரத்திலேயே, அவர் பெயரில் ஒரு விபத்து பாலிசியை எடுத்துவிடுங்கள். பிறகு வீட்டு மேஜையில் கார் பாலிசியை விரித்துவைத்து, டிரைவர் கிளாஸ் முதல் விலக்குகள் வரை பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். தன் தவறுக்கு யார் யார் விலை கொடுக்க நேரும் என்று தெரிந்துகொண்ட பிள்ளை, ஆக்சிலரேட்டரில் கால் வைக்கும் முன் ஒரு கணம் யோசிக்கும்.